ஆணியில் தொங்கும் சாம்பார்

இன்னும் ஒழுகவில்லை. மணி பன்னிரண்டு பத்து. சுவரில் ஆணி, ஆணியில் நூல், நூலில் சாம்பார்ப் பை, பைக்குக் கீழே வெள்ளைப் பீங்கான் தட்டு, தட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு நான். இன்றைக்கு இதுதான் வேலை. முதல் சொட்டு ஒழுகினால் மணியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒழுகாமலே இரண்டரை மணி வரைக்கும் தொங்கினால் அதையும் எழுத வேண்டும். சீனியம்மாளிடம், அதுதான் என் வீட்டுக்காரி, முதல் நாள் இதைச் சொன்னபோது கையில் இருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாம்பார உக்காந்து பாக்குறதுக்குக் காலேஜுல ஆள் எடுக்காகளா? நாப்பது வருசமா நானுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒருத்தரும் நாக்காலி போடலயே" என்றாள். போட்டிருக்கலாம்தான். அவள் பார்த்திருந்தால் என்னைவிட ஒழுங்காகப் பார்த்திருப்பாள், அவள் கண்ணுக்கு முன்னால் பால் பொங்கியதே கிடையாது. ஒழுகவில்லை. ஆனால் பை லேசாகக் கீழே இழுபட்ட மாதிரி இருக்கிறதோ? பன்னிரண்டு மணிக்குக் கட்டித் தொங்கவிட்டபோது அடி உருண்டையாக இருந்தது. இப்போது எலுமிச்சங்காய்க்கு இருக்குமே, அந்த மாதிரி நுனியில் ஒரு சின்ன மூக்கு. அப்போதே இருந்ததோ என்னவோ. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் நகருகிற மாதிரிதான் தெரியும். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன். மூக்கு அப்படியேதான் இருக்கிறது. உள்ளே ஒரு முருங்கைக்காய்த் துண்டு சாய்ந்து நிற்பது தெரிகிறது. அதை ஏன் போட்டேன்? முனை குத்தினால்? போட்டாயிற்று. ஒரு காய், கொஞ்சம் பருப்பு, மேலே தாளிப்பு, அப்படி அள்ளித்தான் என் கைக்குப் பழக்கம். வெறும் தண்ணிச் சாம்பாரைக் கட்டிக்கொடுத்து ஏச்சு வாங்கியவன் பட்டியலில் குருவையா பெயர் கிடையாது.

பை என்றால் பிளாஸ்டிக் இல்லை. அதுதான் விஷயம். நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான் பிளாஸ்டிக், அதைத் தின்ன முடியாது. இந்தப் பையைத் தின்னலாம். கடலையில் எண்ணெய் ஆட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற புண்ணாக்கு, மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுப்போமே, அதேதான். விருதுநகரில் அதற்கா பஞ்சம். அதை மாவாக்கித் தண்ணீரில் கரைத்து, சக்கையை வடித்துத் தள்ளிவிட்டு, தெளிந்ததில் ஒரு புளிப்பை விட்டால் பால் திரிகிற மாதிரி திரிந்து கீழே இறங்குகிறது. அந்தத் திரிந்ததில்தான் சத்தெல்லாம் இருக்கிறதாம், புரோட்டீன் என்கிறார்கள். அதைத் திரும்பவும் கரைத்து, கிளிசரின் சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடிப் பலகையில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் தாள். வெளிச்சத்தில் பிடித்தால் இளந்தேன் நிறம். மோந்து பார்த்தால் வறுத்த கடலைத் தொலி வாசம், அதுவும் அடுத்த தெருவில் யாரோ வறுக்கிற மாதிரி. இதைச் செய்கிறவள் தங்கமுனி. சாத்தூர்ப் பெண், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள், ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான் அவளுக்கு. பலகையிலிருந்து தாளை உரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். முழுசாகக் கையில் வந்த பிறகுதான் "ஹப்பா" என்று விடுவாள். அவள் உரிக்கும்போது எனக்கும் மூச்சு நிற்கும். ஒரு தாளுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை பதினொரு நாள். ஆணியில் தொங்குவது பதினேழாம் தாள். ஒன்பதாவது அரை மணி தாங்கியது. பதினாலாவது ஒரு மணி பத்து நிமிஷம். பதினாறாவது இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் குறைச்சல். ஒவ்வொரு தாளுக்கும் அவள் பக்குவத்தை மாற்றிக்கொண்டே வருகிறாள். இந்தப் பதினேழு மட்டும் இரண்டரை மணி தாங்கிவிட்டால் நாளைக் காலையில், பணம் தருகிற டெல்லிக்காரர்களுக்குப் போகிற அறிக்கையில் அதை எழுதிவிடலாம், எழுதிவிட்டால் அடுத்த வருஷமும் இந்த அறை இருக்கும், தங்கமுனிக்கும் படிப்பு நடுவழியில் நிற்காது. இதை எனக்குச் சொன்னது எப்சிபா மேடம். அவர்தான் இந்த அறைக்குப் பெரியவர். "இன்னைக்கு இது தாங்கணும் அண்ணாச்சி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், பையை நான்தான் நெய்தேன் என்கிற மாதிரி.

பன்னிரண்டு இருபத்தி இரண்டு. ஒழுகவில்லை. சொல்லிவிடு குருவையா, உனக்குள்ளேயாவது சொல்லிவிடு. சாம்பாரை நான் ஆற்றவில்லை. சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, தங்கமுனி குண்டு குண்டான எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியது: நாற்பது டிகிரிக்கு ஆற்றிய பிறகே ஊற்றவும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவனுக்கு அது போதும். தினம் வாசிக்கிறேன். கேண்டீனிலிருந்து தூக்குவாளி வரும், மூடியைத் திறந்து வைப்பேன், சூடு பார்க்கிற கண்ணாடிக் குச்சியை அவள் விட்டுப் பார்ப்பாள், "ஆச்சு அண்ணாச்சி" என்பாள், அப்புறம்தான் கரண்டி. இன்றைக்கு வாளி வந்தபோது மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம். பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்குப் போன், பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததாம், நின்றுவிட்டதாம், இருந்தாலும் அம்மாவிடம் சொல்கிறோம் என்று. அவள் வெளியே போய்ப் பேசினாள். நான் மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பெருங்காயமும் மல்லியும் சேர்ந்து மூக்கில் ஏறிய அந்த நொடியில் நான் இந்த ஏசி அறையில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நான் வேலை பார்த்த ஓட்டல் வாசலில், பார்சல் மேடைக்குப் பின்னால் நின்றேன். எதிரே பத்துப் பேர் நிற்கிறார்கள், ராஜபாளையம் வண்டிக்காரன் கிளம்பப் போகிறான், ஆரன் அடிக்கிறான். இடது கை பையை விரித்தது, வலது கை கரண்டியை இறக்கியது, ஒரு உருட்டு, ஒரு முறுக்கு, நூல் நாலு சுற்று, நுனியை மடித்து ஒரு சொருகு. ஆணியில் மாட்டி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறேன், கண்ணாடிக் குச்சி பெட்டிக்குள் படுத்திருக்கிறது, ஈரம்கூடப் படாமல். அவள் உள்ளே வந்தாள். தொங்குவதைப் பார்த்தாள். "சரியா பன்னெண்டு! அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்" என்று சொல்லி, நோட்டை இழுத்து நேரத்தை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில், சூடு என்று போட்டிருக்கிற கட்டத்தில், என்னைக் கேட்காமலே நாற்பது என்று எழுதினாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்மேல் இருந்த நம்பிக்கையில் கேட்கவில்லை. "மீட்டிங்குக்கு மேடம் கூப்புடுதாக, ரெண்டரைக்கு வந்துருவோம், கண்ண எடுத்துராதீக" என்று ஓடிவிட்டாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு சாத்திவிட்டது.

இதில் ஒன்று இருக்கிறது, யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள். ஆறின சாம்பாரைக் கட்டிக்கொடுப்பது எங்கள் தொழிலில் திருட்டு மாதிரி. வாங்குகிறவன் பார்சலை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான். சுட்டால் நல்ல கடை. சுடாவிட்டால், "என்னய்யா, காலையில வச்சதா?" என்று மேடையிலேயே வைத்துவிட்டுப் போவான். முப்பத்தெட்டு வருஷம் சூடுதான் என் நாணயம். இந்த அறையில் அதே சூடு குற்றம். கையிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மூன்றாம் தாளில் ஒரு தடவை மேடமே கொதிக்கிற ரசத்தை ஊற்றிப் பார்த்தாராம், நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. எட்டு நிமிஷத்தில் கொழகொழவென்று கரைந்து, ரசம் முழுக்க மேடம் சேலையில். அன்றைக்கு ஒட்டியதுதான் அந்த நாற்பது டிகிரிக் காகிதம். எட்டு நிமிஷம். இப்போது முப்பத்தி ஒன்று ஆகிவிட்டது. பன்னிரண்டு முப்பத்தி ஒன்று. நான் பயப்படுவதா, ஆச்சரியப்படுவதா? இரண்டும்தான். பசியும் வந்துவிட்டது. சீனியம்மாள் இன்றைக்குப் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொடுத்திருக்கிறாள். சாம்பாரைப் பார்த்துக்கொண்டே புளிச்சோறு தின்பது சாம்பாருக்குச் செய்கிற அவமரியாதை இல்லையா என்று நேற்றுக் கேட்டதற்கு, "அப்ப அந்தப் பைய அவுத்து ஊத்திக்கிற வேண்டியதான, பையத் திங்கலாமுன்னு வேற சொல்லுதீக" என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் உண்டு.

மேடம் முதல் முதலில் ஓட்டலுக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேடைக்கு எதிரே பூக்கடை ஓரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வாங்கவில்லை. மறுநாளும் வந்தார். மூன்றாம் நாளும். கையில் பை, கண்ணில் கண்ணாடி, காலில் வார்ச்செருப்பு. பிளாஸ்டிக் பிடிக்க வந்த முனிசிபாலிட்டி ஆபீசர்தான் என்று முடிவு கட்டினோம். முதலாளி என் காதில் வந்து, "குருவையா, அந்தம்மா நிக்கிற வரைக்கும் எல்லாத்தையும் இலையில கட்டு" என்றார். சாம்பாரை எப்படி இலையில் கட்டுவது? தொன்னையில் ஊற்றி, அதை இலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி, ஒருத்தனுக்குக் கட்டுவதற்குள் நாலு பேர் கலைந்து போனார்கள். கடைசியில் அவரே மேடைக்கு வந்து, "ஒரு பார்சல் கட்டுறதுக்கு உங்களுக்கு ஏழு செகண்டு ஆகுது. இன்னைக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "நீங்க நிக்கிறதுனாலதான்மா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அந்தப் பூக்கடைக்காரம்மாள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். இவர்கள் பையை எந்திரத்தில் ஒட்டினால் வாய்ப்பக்கம் விட்டுவிடுகிறதாம், அதனால் வாயைக் கையால் கட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். அந்த மாசமே ஓட்டலில் டப்பாவும் மூடி ஒட்டுகிற எந்திரமும் வந்தன. முழங்காலும் அதற்குள் நிற்க மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. இங்கே நாற்காலி இருக்கிறது. வருத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் வந்தால் ஏசி போட்டு அறை குளுகுளுவென்று இருக்கிறது, தங்கமுனி வாயைத் திறந்தால் நாலு கதை, மேடம் பண்டிகைக்குச் செய்கிற அச்சு முறுக்கில் எனக்கென்று ஒரு டப்பா. இந்த அறுபத்தி ஆறு வயதில் ஒரு ஆளுக்கு வேறு என்ன வேண்டும்? ஒழுகாமல் இருந்தால் போதும்.

பன்னிரண்டு ஐம்பது. இந்த இரண்டரை மணிக் கணக்கைச் சொன்னவனும் நான்தான். என் வாயை என்ன செய்ய. சேர்ந்த வாரத்தில் மேடம் கேட்டார்: "ஒரு பார்சல் எவ்வளவு நேரம் தாங்கணும் அண்ணாச்சி? வெளிநாட்டுப் புத்தகத்துல வேற வேற கணக்கு சொல்றாங்க." நான் பெரிய இவன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டே சொன்னேன். கடைசி வண்டிக்கு அரை மணி முன்னால் வாங்குவான். வண்டி கிளம்பி, அவன் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குக்குப் போக ஒரு மணி. விலக்கிலிருந்து உள்ளே நடக்க முக்கால் மணி, கையில் சாக்கு ஏதாவது இருக்கும். வீட்டுக்குப் போனால் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, முகத்தைக் கழுவவைத்து, தட்டைப் போட ஒரு கால் மணி. ஆக இரண்டரை. மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன், பார்த்தால் அதுதான் பரீட்சை. இரண்டு என்று சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நடக்கிறவன் யார்? ஒருத்தன் இருந்தான். சனிக்கிழமை சனிக்கிழமை வருவான், மில்லில் மூட்டை தூக்குகிறவன், இரண்டு சாம்பார், நாலு புரோட்டா வாங்குவான், "அண்ணாச்சி, நல்லா இறுக்கிக் கட்டுங்க, ரொம்பத் தூரம் நடக்கணும்" என்பான். பெயர் கேட்டதே இல்லை. அவன் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதை நான் பார்த்ததும் இல்லை, ஆனால் எப்போதும் பார்த்த மாதிரி இருக்கும். அவனுக்காகத்தான் இரண்டரை என்று சொல்லியிருக்கிறேன் போல. அப்படியானால் சரி. குறைத்துச் சொன்னால் அவன் விலக்கு தாண்டி இருட்டில் நடக்கும்போது காலெல்லாம் சாம்பார் வழியும்.

சொட்டு. தட்டில் இல்லை, பையில். மூக்கு நுனியில் ஒரு பாசிமணி மாதிரி நிற்கிறது. ஒன்று ஏழு. நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன், முழங்கால் நொடித்தது. போச்சு. ஒன்று ஏழு, அதாவது ஒரு மணி ஏழு நிமிஷம். பதினாலாவதைவிட மோசம். தங்கமுனி முகத்தில் எப்படி முழிப்பேன், பதினொரு நாள், பையனுக்கு மூக்கில் ரத்தம், அவள் பாட்டுக்கு நாற்பது என்று எழுதிவைத்துப் போயிருக்கிறாள். இரு. அவசரப்படாதே. சாம்பாருக்கு நிறம் இருக்க வேண்டும். இதில் நிறம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். தெளிவாக இருக்கிறது, சுத்தமாக. நீளவாக்கில் இன்னும் இரண்டு மூன்று மணிகள், பையின் தோள்பக்கத்திலும். விரல் நுனியில் ஒன்றைத் தொட்டெடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. புளி இல்லை. வெறும் தண்ணீர், கடைசியில் லேசாகக் கடலை. வேர்வை! உள்ளே இருக்கிற ஆவி தாள் வழியாகக் கசிந்து ஏசிக் குளிரில் முத்துப் பூத்திருக்கிறது. நான் மட்டும் இல்லை, பையும் வேர்த்துப்போய்த்தான் தொங்குகிறது. உட்கார்ந்தேன். பார்சல் கட்டுகிறவன் பையை நக்கிப் பார்த்து ஒழுகலா வேர்வையா என்று சொல்லுகிற காலம் வந்திருக்கிறது. சீனியம்மாளிடம் சொன்னால் இந்த வருஷம் முழுக்க இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சொல்லத்தான் போகிறேன்.

ஒன்று இருபத்தைந்து. புளிச்சோற்றை மடியில் வைத்து, கண்ணைப் பையில் வைத்துத் தின்றேன். துவையலில் இஞ்சி தூக்கல். வேர்வை தட்டில் விழுந்தால் அதை ஒழுகல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதை எழுதிவைக்க வேண்டும். எழுதினால் வேர்வை ஏன் வந்தது என்று கேட்பார்கள். நாற்பது டிகிரிக்கு எந்தப் பையும் இதுவரைக்கும் வேர்த்ததில்லை. அப்போது சொல்லியாக வேண்டும். யாரும் கேட்காவிட்டால்? அதுதான் இந்த ஒரு மணி நேரமாக நெஞ்சுக்குள் பொறியில் மாட்டின எலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுகிவிட்டால் தாள் மேல் பழி விழும், குற்றம் என்னுடையது. ஒழுகாவிட்டால் நாற்பது டிகிரியில் இரண்டரை மணி என்று டெல்லிக்குப் போகும், அது பொய். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். நாற்பதைவிடப் பெரிய சூட்டைத்தான் தாங்கியிருக்கிறது, குறைத்துத்தானே சொல்கிறோம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசின் குரல் அப்படியே முதலாளியின் குரல் மாதிரி இருக்கிறது. "குருவையா, நேத்துச் சாம்பாரக் கொதிக்கவச்சு முன்னால தள்ளு, யாருக்கும் வயிறு வலிக்காது" என்பார். தள்ளியும் இருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. யாருக்கும் வலிக்கவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்று நாற்பத்தெட்டு. பதினாறாம் தாளைத் தாண்டியாகப் போகிறது. மூக்கு அப்படியே இருக்கிறது. முறுக்கின இடத்தில் என் முடிச்சு. நாலு சுற்று, ஒரு சொருகு, ஒரு வால். அந்த வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும், அப்படித்தான் கட்டுவேன். வாங்குகிறவன் வீட்டில் பெண்பிள்ளைக்கு நகம் வலிக்கக் கூடாது. ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தராவது அதை இழுத்து அவிழ்த்ததாக எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக்தானே, பல்லால் கடித்து ஓரத்தைக் கிழித்துத் தட்டில் பிழிவார்கள். முடிச்சு முடிச்சாகவே குப்பைக்குப் போகும். எப்படித் தெரியும் என்றால், ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாக்கடை எடுத்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர், எங்கள் ஓட்டலுக்குள்ளும் வந்துவிட்டது. கம்பியை விட்டு இழுத்துக் கரையில் போட்டார்கள், கறுப்பாக, மலைமலையாக, அத்தனையும் பை. நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். காலுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. பை நைந்து கிழிந்திருக்கிறது, வாயில் கட்டின நூல் அப்படியே இருக்கிறது. நாலு சுற்று, ஒரு சொருகு, ஒரு வால். ஒவ்வொரு பார்சல்காரன் கையும் ஒவ்வொரு மாதிரி, கையெழுத்து மாதிரி. அது என் கை. குனிந்து பார்க்கப் பார்க்க இன்னொன்று, இன்னொன்று. ஊர்த் தண்ணீரை மறித்துக்கொண்டு கிடந்ததில் பாதி நான் கட்டினது. கம்பி பிடித்திருந்த ஆள், "என்ன அண்ணாச்சி, காசு எதுவும் விழுந்துருச்சா?" என்றான். "இல்லப்பா" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் திரும்பவும் மேடைக்குப் பின்னால் நின்று கட்டத்தான் செய்தேன். என்ன செய்வது, ராஜபாளையம் வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறான். ஆனால் அன்றிலிருந்து சொருகும்போது விரல் ஒரு நொடி நிற்கும். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடத் தெரியாது. ஏழு செகண்டுக்குள் அந்த ஒரு நொடியும் அடக்கம். மேடமும் மூன்று நாள் நின்று பார்த்தாரே, அதைப் பார்த்திருப்பாரோ? கேட்டதில்லை. இந்த அறைக்கு வந்த பிறகு விரல் நிற்பதில்லை. இன்றைக்கும் நிற்கவில்லை, அதனால்தான் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டது போலிருக்கிறது.

இரண்டு ஐந்து. இரண்டு பத்து. இப்போது எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது, அது பயத்தைவிடப் பொல்லாதது. இன்னும் இருபது நிமிஷம்தானே, தாங்கிவிடேன் ராசா. புண்ணாக்கிடம் கெஞ்சுகிறேன். மாட்டுக்கு வைத்தால் மாடு தின்றுவிட்டுப் போயிருக்கும், நீ பாவம் இங்கே வந்து சாம்பாரைச் சுமக்கிறாய். பையைக் கையால் தொடக் கூடாது, அதுவும் சுவரில் இருக்கிறது. தொடாமல் உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், குளிர்காய்கிற மாதிரி. இன்னும் லேசாக வெதுவெதுப்பு. இரண்டு மணி நேரம் ஆகியும்! அந்த மூட்டைக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும், வெதுவெதுவென்று சோற்றில் விழும். இரண்டு பதினெட்டு. மூக்கு நுனியில் ஒரு மணி பருத்துக்கொண்டு வருகிறது. வேர்வை. வேர்வைதான். இப்போதெல்லாம் எனக்கு அது தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன். ஏசி சத்தம் கேட்கிறது, தூரத்தில் எங்கேயோ பெல் அடித்தது. மணி பருத்து, கனத்து, ஆடியது. அது விழுவதற்குள் விரலை நீட்டி வாங்கினேன். ஏன் நீட்டினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நாக்கில் வைத்தேன். உப்பு. அடுத்து புளி. அடுத்து, வெகு தூரத்தில் இருந்து வருகிற மாதிரி, பெருங்காயம். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபத்தி ஒன்று.

ஒன்பது நிமிஷம். தட்டு வெள்ளையாக இருக்கிறது, ஒரு பொட்டுக்கூட இல்லை. விழ இருந்த சொட்டு என் நாக்குக்குப் போய்விட்டது. அறையில் யாரும் இல்லை. அடுத்த சொட்டு ஊற இன்னும் பத்து நிமிஷம் ஆகும், பார்த்தாலே தெரிகிறது, அதற்குள் அவர்கள் வந்துவிடுவார்கள், வெள்ளைத் தட்டைப் பார்த்துக் கைதட்டுவார்கள், தங்கமுனி "ஹப்பா" என்பாள். நாக்கில் புளி இன்னும் நிற்கிறது. எச்சில் விழுங்கினால் போய்விடும். விழுங்காமல் எழுந்து மேஜைக்குப் போனேன். பேனா மூடியைத் திறந்தேன். நேரம் என்ற கட்டத்தில் 2.21 என்று எழுதினேன். அவள் எழுதின நாற்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதியது இது, எழுத்துக் கூட்டிக் கூட்டி: ஆத்தவில்லை. கொதிக்க ஊத்தினது நான். தங்கமுனிக்குத் தெரியாது. நடுவில் வேர்த்தது, அது தண்ணி. 2.21ல் வந்தது சாம்பார், நாக்கில் வைத்துப் பார்த்தேன். குருவையா. கட்டம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் ஏறிப் போய்விட்டது. அப்புறம்தான் எச்சில் விழுங்கினேன்.

இரண்டு பேரும் வாசலில் செருப்பை விடும்போதே தங்கமுனி எட்டிப் பார்த்தாள். "தொங்குது! மேடம், தொங்குது!" என்றாள். நான் நோட்டைக் காட்டினேன். அவள் வாசித்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டைக் கிட்டத்தில் வைத்து வாசித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. "கொதிக்கன்னா? எவ்வளவு சூடு அண்ணாச்சி?"

"வாளியில ஆவி பறந்துச்சும்மா. விரல வச்சா ஒண்ணு எண்ணுறதுக்குள்ள எடுத்துருவீங்க. கை பழக்கத்துல பண்ணிட்டேன். தாளு மேல தப்பில்ல. பதினொரு நாளு அந்தப் பிள்ள..."

"இருங்க. அந்தச் சூட்டுல ரெண்டு மணி இருபத்தோரு நிமிஷமா?"

நான் தலையை ஆட்டினேன். மேடம் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். தங்கமுனியும் திரும்பிப் பார்த்தாள். "மூணாவது தாளுக்கு ஒட்டுனது மேடம் அது" என்றாள் மெதுவாக. "அதுக்கப்புறம் தாள எத்தன தடவ மாத்திட்டோம். இத எடுக்கவே இல்லயே. சூடா யாருமே ஊத்திப் பாக்கலயே."

"என் சேலை போனதுல எல்லாருக்கும் பயம்" என்றார் மேடம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "அண்ணாச்சி, அடுத்த தாள் வர்ற அன்னைக்கு இதே தப்ப நீங்க இன்னொரு தடவ பண்ணணும். ஒண்ணு மாத்தாம. குச்சிய மட்டும் விட்டுச் சூட்டப் பாத்துட்டுப் பண்ணுங்க."

"இதுக்குப் போய் டெல்லிக்காரங்க..." என்று இழுத்தேன்.

"எழுதுவோம். எழுதியிருக்கிறத அப்படியே எழுதுவோம், நாக்குல வச்சது உட்பட. ரெண்டரை வரலைன்னும் எழுதுவோம். அறைய விடுறதும் விடாததும் அவங்க பாடு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் முழங்கால் வலிப்பதே தெரிந்தது.

ஒழுகின பையை இறக்கித் தாளைத் தனியாக எடுத்து எடை போட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று பார்ப்பதற்கு. கிழியாமல் எடுக்க வேண்டும், கிழிந்தால் கணக்குப் போய்விடும். எப்போதும் நான்தான் இறக்குவேன், நான்தான் அவிழ்ப்பேன். இன்றைக்குத் தங்கமுனி முந்திக்கொண்டாள். பையை உள்ளங்கையில் ஏந்தி ஆணியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு" என்றாள் மேடத்திடம். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையின் ஓரத்தைத் தேடவில்லை, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நூலில் வால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். பிடித்து ஒரே இழுப்பு. நாலு சுற்றும் சரசரவென்று கழன்று நூல் நேராக அவள் கையில் தொங்கியது. பை மெதுவாக வாயைத் திறந்தது. அறை முழுக்கப் பெருங்காயம்.